லவோனின் கைக்கு ஓடிய நாய்

நிக்கல் தடுப்பைத் தாண்டிவிட்டது.

மார்லிஸ் துரத்தினாள். முழங்கால் உறை நழுவ, வழியில் நின்ற பலகை ஒன்றைத் தட்டிவிட்டு, "நிக்கல், நில்லு. நில்லுன்னு சொல்றேன்ல" என்று கத்திக்கொண்டே ஓடினாள். மாட்டு ஏலத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கும் விலை சொல்கிற குரல் அது. கண்காட்சித் திடலின் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

நாய் திரும்பவில்லை. நீலச் சாம்பல் ரோமம் அலையடிக்க, மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, யாருடைய காபிக் குடுவையையோ தாண்டி, ஒருத்தியின் காலடியில் போய் உட்கார்ந்தது. அண்ணாந்து அவள் கையையே பார்த்தது.

லவோன். வேறு யார்?

"அவ்வளவுதான் மேடம். நாய் ரிங்கை விட்டுப் போனா ஆட்டம் முடிஞ்சுது" என்றார் நாய்ப் போட்டியின் நடுவர் ஹோல்ட்கிரேவ், பரிதாபமாகவே. "மத்தியானம் இன்னொரு சுற்று இருக்கு. பாத்துக்கலாம்."

மார்லிஸ் குனிந்து கழுத்துப் பட்டையில் வாரை மாட்டினாள். கொக்கி இரண்டு முறை வழுக்கியது.

"நான் கூப்பிடல மார்லிஸ்" என்றாள் லவோன்.

"கூப்பிட மாட்ட. கையில சீஸ் வெச்சிருப்ப."

லவோன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை. மார்லிஸுக்கு அது இன்னும் எரிந்தது. சீஸ் இருந்திருந்தால் நாயை மன்னித்திருக்கலாம்.

"ஒரு விஷயம் கேக்கட்டுமா? நிக்கலப் பத்தி..."

"என் நாயப் பத்தி நீ எனக்குச் சொல்ல வேண்டாம்."

லவோன் விரித்த கைகளை இறக்கிக்கொண்டாள். விஸ்கான்சினில் இந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத சட்டம். போட்டி முடியும்வரை அடுத்தவர் நாயைப் பற்றி, கேட்காமல், வாய் திறக்கக்கூடாது. அதை மீறியவர்கள் பக்கத்தில் அடுத்த போட்டியில் யாரும் நாற்காலி போட மாட்டார்கள்.

மார்லிஸுக்கு வேண்டியது ஒரே ஒரு பச்சை ரிப்பன்.

ரிங்குக்குள் வரிசையாகப் பலகைகள். உட்கார வை, சுற்றி வா, விட்டுப் போய்க் கூப்பிடு என்று ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை. வாரில்லாத நாயோடு எல்லாவற்றையும் முடித்து நூற்றுக்கு எழுபது எடுத்தால் பச்சை ரிப்பன். மூன்று ரிப்பன் சேர்ந்தால் நாயின் பெயருக்குப் பின்னால் பட்டம். இரண்டு ரிப்பன்கள் குளிர்காலத்திலேயே வந்துவிட்டன. நிக்கல் ஒரு ஷெல்ட்டி. ஆடு மேய்க்கப் பிறந்த ஜாதி, முழங்கால் உயரம், மூளை மட்டும் ஆறடி. மூன்றாவது ரிப்பன் ஏப்ரலில் வந்துவிடும் என்று சமையலறையில் பட்டத்தை மாட்ட ஆணிகூட அடித்துவிட்டாள்.

இப்போது அக்டோபர். ஆணி காலியாகவே இருந்தது.

எல்லாம் அந்த மார்ச் வாரத்துக்குப் பிறகு. மகளுக்குப் பிரசவம். அவள் ஊரான டுலூத்துக்குப் போக வேண்டியிருந்தது. நிக்கலுக்குக் காதில் சீழ், வேளைக்கு மருந்து விட வேண்டும். கணவன் வெர்னுக்கு வேலை நேரம் ஒத்துவரவில்லை. அன்றைக்கு லவோன் சிநேகிதி. "எங்க வீட்டுல விட்டுட்டுப் போ கண்ணு, பிரெட்ஸலுக்குத் துணையாச்சு" என்றாள். பிரெட்ஸல் அவளுடைய நாய், குட்டைக்கால் கோர்கி.

ஒரு வாரம்தான். திரும்பி வந்தபோது காது ஆறியிருந்தது. நாய் மாறியிருந்தது.

மார்லிஸிடம் சாட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

முன்பெல்லாம் அவள் கார் தெருமுனை திரும்பும்போதே நிக்கல் கதவடியில் நிற்கும். இப்போது உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி, சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் திடுக்கிட்டு எழுகிறது. வேண்டாத விருந்தாளியைப் பார்த்ததுபோல. முன்பு சீஸ் உறையைக் கிழித்தால் மாடியிலிருந்து உருண்டு வரும். இப்போது தட்டை மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். கொஞ்சிப் பேசினால் வேறெங்கோ பார்க்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் லவோன் கையை இப்படி லேசாக அசைத்தால் போதும், காருக்குள் எழுந்து நின்று வாலாட்டுகிறது.

ஒருமுறை நிக்கலின் பிடரியில் முகத்தைப் புதைத்து முகர்ந்து பார்த்தாள், லவோன் போடுகிற லாவண்டர் கிரீம் வாசனை வருகிறதா என்று. சட்டைக் காலரை முகரும் மனைவி மாதிரி. வரவில்லை. சாமர்த்தியமாகக் கழுவியிருப்பாள் என்று முடிவு கட்டினாள்.

லவோன் ரிங்குக்குள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். சர்ச்சில் பாட்டுக்குழு நடத்துகிறவள். கையாலேயே பாட வைக்கிறவள். கோர்கியையும் அப்படித்தான் நடத்தினாள். விரல் உயர்ந்தால் உட்காரும், உள்ளங்கை தாழ்ந்தால் படுக்கும். மார்லிஸ் நேர்மாறு, பழங்காலப் பயிற்சி முறைக்காரி. பழைய பள்ளி. இடது கையை மடக்கி வயிற்றின் மேல், பெல்ட் கொக்கியோடு ஒட்ட வைத்துவிட வேண்டும். மிச்சத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும். அந்தக் குரலுக்கு ஓடி வந்த நாய் அது.

மதியம் கார் நிறுத்துமிடத்தில் வெர்ன் பிராட்வர்ஸ்ட் சாஸேஜுக்குக் கடுகுச் சாந்து தடவிக்கொண்டிருந்தான். கணவன், பழைய வேனின் ஓட்டுநர், இந்த விளையாட்டில் அவனுக்குத் தெரிந்தது சாப்பாட்டுக் கடை எங்கே என்பது மட்டும்.

"சாப்பிடு. நாயும் சாப்பிடல, நீயும் சாப்பிடல. ரெண்டு பேரும் ஒரே ஆளுக்காகவா ஏங்கறீங்க?"

"வாயக் கிளறாத வெர்ன்."

"நான் சொல்றது, லவோன் நல்ல பொம்பளை. நம்ம வேன் பனியில புதைஞ்சப்ப..."

"நல்ல பொம்பளை. புருஷனத் தூக்கிட்டுப் போயிருந்தா நானே பெட்டி கட்டி அனுப்பியிருப்பேன்."

"தேங்க்ஸ்."

"நாயத் தூக்கிட்டா பாரு, அதான் தாங்கல." மார்லிஸ் குரலைத் தணித்தாள். "மத்தியானமும் இப்படியே ஆச்சுன்னா, வாரை அவ கையில குடுத்துட்டு வந்துடுவேன். என்கிட்ட இருக்கப் பிடிக்காத ஜீவனக் கட்டி வெச்சு என்ன செய்யப் போறேன்?"

வெர்ன் மெல்லுவதை நிறுத்தினான். "நிஜமாவா?"

"ஏலத்துல ஒரு விலை சொன்னா நான் மாத்தினதில்ல."

வேனுக்குள் கூண்டில் நிக்கல் தூங்கிக்கொண்டிருந்தது. இத்தனை சத்தத்திலும் கண்ணைத் திறக்கவில்லை. அதையும் மார்லிஸ் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் லவோன் வந்தாள், கையில் பூசணிக்காய் கேக் வைத்த டப்பாவோடு.

"எடுத்துக்க வெர்ன். மார்லிஸ், ரெண்டே நிமிஷம்..."

"ஒரு உதவி செய்யறியா?" என்றாள் மார்லிஸ். "என் முறை வர்றப்ப ஹாலுக்குள்ள நிக்காத. வாசல்லயும் நிக்காத. உன் நிழல்கூட அங்க விழக்கூடாது."

லவோனின் முகம் சிவந்தது. "சரி. நிக்கல. ஆனா..."

"சரின்னா அதோட நிறுத்து. ரிங்குக்குள்ள போகப் போறவகிட்ட பேசக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

லவோன் கூண்டைப் பார்த்தாள். தூங்குகிற நாயைப் பார்த்தாள். டப்பாவை வெர்ன் மடியில் வைத்தாள்.

"சுற்று முடியட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெர்ன் கேக்கைக் கடித்தான். மார்லிஸ் பார்த்த பார்வையில், கடித்ததை விழுங்கலாமா வேண்டாமா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

மதியச் சுற்றுக்கு முன் வழக்கப்படி எல்லாரும் நாயில்லாமல் பாதையை நடந்து பார்த்தார்கள். வயதானவர்களும் இளசுகளும் வெறும் காற்றைத் தட்டிக்கொடுத்துப் பேசிக்கொண்டே பலகைக்குப் பலகை நடந்தார்கள். மார்லிஸ் ஒன்பதாவது பலகையின் முன் நின்றாள். நாயை உட்கார வைத்துவிட்டு விலகிப் போ. திரும்பி நின்று கூப்பிடு.

கூப்பிட்டால் வர வேண்டும். அவ்வளவுதான். இதைவிட எளிது எதுவுமில்லை.

"ரெடியா?" என்றார் ஹோல்ட்கிரேவ்.

வாசலைப் பார்த்தாள். லவோன் இல்லை. ஜன்னலிலும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள்.

"ரெடி."

"போகலாம்."

நிக்கல் அவள் இடது முழங்காலோடு ஒட்டிக்கொண்டு நடந்தது. கால் திரும்பினால் திரும்பியது, நின்றால் உட்கார்ந்தது. கூம்புகளைச் சுற்றி வளைந்து வந்தபோது நாற்காலிகளிலிருந்து யாரோ மெல்லக் கைதட்டினார்கள். "அப்படித்தான்டா தங்கம், அப்படித்தான்" என்று மார்லிஸ் பேசிக்கொண்டே வந்தாள். லவோன் இல்லாவிட்டால் எப்படி நடக்கிறது பார். அவள் ஒருத்தி கண்ணில் படாமல் இருந்தால் போதும். எட்டாவது பலகையைத் தாண்டும்போது அவள் மனசுக்குள் பட்டம் ஆணியில் தொங்கிவிட்டது.

ஒன்பது.

உட்கார வைத்தாள். விலகி நடந்தாள். திரும்பினாள். முதுகு நேர், இடது கை வயிற்றின் மேல், பழைய பள்ளி.

"நிக்கல், வா."

நிக்கல் உட்கார்ந்திருந்தது.

"நிக்கல். வா."

அது அவளைத்தான் பார்த்தது. முகத்தைக்கூட அல்ல, வயிற்றை, மடக்கி வைத்த கையை. எதற்கோ காத்திருப்பதுபோல. ஒரு முன்னங்காலைத் தூக்கியது, மறுபடி வைத்தது.

மார்லிஸுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சமாளித்திருப்பாள். "வாடா கண்ணா" என்றாள், ஏலக்குரல் உடைந்து, பக்கத்தில் நிற்கும் நடுவருக்குக்கூட எட்டாத குரலில். "வந்துடேன்."

லவோன் ஹாலிலேயே இல்லை. ஓடுவதற்கு யாருமில்லை. அப்படியும் வரவில்லை. காலையில் அவளைத் தேடி ஓடியது ஒரு வலி என்றால், இது வேறு. அவள் இல்லாத இடத்திலும் அவளுக்காகவே உட்கார்ந்திருக்கிறது.

"போதும் மேடம்" என்றார் ஹோல்ட்கிரேவ். "அழகா நடந்தீங்க, அந்தப் பலகை வரைக்கும்."

அவளே போய் வாரை மாட்டி அழைத்துவந்தாள். நாற்காலிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் ஷூ நாடாவைக் கவனித்தார்கள்.

லவோன் கார் நிறுத்துமிடத்தின் கடைசியில், தன் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, பிரெட்ஸலுக்கு எஃகுக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மார்லிஸ் வருவதைப் பார்த்து எழுந்தாள். பின்னால் வெர்ன், ஒரு கையில் காபியோடு, "மார்லிஸ், யோசிச்சு செய்" என்றபடி வந்தான்.

மார்லிஸ் வாரை நீட்டினாள்.

"இந்தா. வெச்சுக்க."

"என்ன இது?"

"நீ கேக்காமலே ஜெயிச்சது. ரெண்டு வேளைதான் சாப்பிடும். ராத்திரி கால்மாட்டுலதான் படுக்கும்." குரல் பிசிறியது. "உனக்குத் தெரியாததா? ஒரு வாரம் படுக்க வெச்சியே."

லவோன் வாரைத் தொடவில்லை. "சுற்று முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. எல்லாமே முடிஞ்சுது."

"அப்ப நான் பேசலாம்ல."

"பேசு. ஜெயிச்சவதானே பேசணும்."

"காலையில நான் கையத் தூக்கினது நிக்கலுக்காக இல்ல. எங்க குழுவுல பாடற எலோடி வாசல்ல நின்னா. இங்க வான்னு கையாட்டினேன். நாய் பாத்துட்டு ஓடி வந்துடுச்சு."

"ஆமா, ஊர்ல யாரு கையாட்டினாலும் ஓடும் பாரு."

"ஓடும்" என்றாள் லவோன்.

அந்த ஒரு சொல் மார்லிஸைத் தடுக்கவில்லை. "ஏழு வருஷமா வளத்தவ கத்தினா வராது. நீ விரல அசைச்சா வரும். அப்படி உன் கையில என்னதான்டி இருக்கு?"

"கைதான் இருக்கு. நீ உன்னோடத வயித்துல ஒட்டி வெச்சிருக்க." லவோனுக்கும் கண் கலங்கியிருந்தது. "வசந்த காலத்துலயே உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நீ ரிங்குல பேசிட்டே இருந்தப்ப, பழக்கத்துல பேசறேன்னு நெனச்சேன். நீ எப்பவும் பேசறவதானே. இன்னைக்குக் காலையில அது பின்னாடி கத்திட்டே ஓடி வந்த பாரு, அப்பதான் புரிஞ்சுது. உனக்குத் தெரியவே தெரியாதுன்னு."

"என்ன தெரியாது?"

லவோன் குனிந்து கிண்ணத்தை எடுத்தாள். கிண்ணத்துத் தண்ணீரைக் கீழே கொட்டினாள். நிக்கல் மார்லிஸைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. லவோன் அதன் முதுகுப் பக்கமாகச் சுற்றி வந்து, கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கி, சிமெண்ட் தரையில் ஓங்கி அடித்தாள்.

வெர்னின் காபி சட்டையில் கொட்டியது. வரிசையாக நின்ற கார்களுக்குள் இருந்த அத்தனை நாயும் குரைத்தது. பிரெட்ஸல் பின் இருக்கைக்குத் தாவியது. ஹால் வாசலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

நிக்கலின் காது மடல்கூட அசையவில்லை. அது மார்லிஸின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த வாரத்துலயே அதுக்குக் காது போயிடுச்சு மார்லிஸ்" என்றாள் லவோன். "உன் குரல் அதுக்குக் கேக்கறதே இல்ல."