பரஸ்தானப் பை

அம்மா மண்டபம் சாலையில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் தர்மராஜும் அவர் மனைவி மலர்க்கொடியும். மற்றதில் பிரேமலதா. கணவர் போன பிறகு அவளுக்குத் துணை, கதவில் பதித்திருந்த அந்தக் குட்டிக் கண்ணாடிதான். சீரியல் இழுவையாக இருந்தால் எழுந்து வந்து அதில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். எதிர்வீட்டில் கதை எப்போதுமே கொஞ்சம் வேகமாகத்தான் நகர்ந்தது.

இந்த வருஷம் கேட்கவே வேண்டாம். திருவெறும்பூர் ஆலையில் கொதிகலன்களோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற தர்மராஜுக்கு, பத்ரிநாத்துக்கும் அப்பால் பனிமலைகளுக்கு நடுவில் இருக்கிற சதோபந்த் ஏரியைப் பார்த்தே தீர வேண்டுமாம். பத்ரிநாத்தோடு திரும்பினாலாவது புண்ணியம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கும் மேலே கல்லிலும் பனியிலும் நடந்து, கூடாரத்தில் சுருண்டு படுத்து, ஒரு ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்கு என்ன பெயர் வைப்பது? காவிரி கூப்பிடு தூரத்தில் ஓட, மனுஷன் தண்ணீர் பார்க்க இமயமலைக்குப் புறப்பட்டுவிட்டார்.

துவாக்குடி கல்லூரியில் வேலை பார்க்கும் சரத்குமார்தான் மலையேறும் குழுவுக்குத் தலைவன். வாரக் கடைசியில் தர்மராஜ் வீட்டு ஹாலில் வரைபடம் விரியும். எந்த ஷூ, எத்தனை ஸ்வெட்டர், எங்கே கூடாரம் என்று ஒரே வாதம். பயிற்சிக்காக தர்மராஜ் ஒரு பழைய முதுகுப்பையில் பொன்னி அரிசியை மூட்டையாகத் திணித்துக்கொண்டு மலைக்கோட்டைப் படி ஏறினார். "பிள்ளையாருக்குப் பொங்கலுக்கா ஐயா?" என்று எலுமிச்சம்பழம் விற்கிறவள் கேட்டாளாம். இதைப் பிரேமலதா மாடி மாடியாகச் சொல்லிச் சிரித்தாள். ஒருநாள் அவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்ததையும் சொன்னாள். ஷூ கடித்துவிட்டதாம்.

ரயில் செவ்வாய்க்கிழமை. மலர்க்கொடி காலண்டரைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"செவ்வாய் வடக்கே சூலங்க. டிக்கெட்ட மாத்துங்க."

"குரூப் டிக்கெட் மலரு. ரயில்வேக்காரன்கிட்ட போயி சூலம், ரயில நாளைக்கு விடுய்யான்னு சொல்லவா?"

"அப்ப பரஸ்தானம் வைங்க."

கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்து ஒரு பையை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஒரே ஒரு நிபந்தனை: வைத்த பை திரும்ப வீட்டுப்படி ஏறக்கூடாது. ஏறினால் அந்தப் பயணம் அதோடு சரி.

வேறு வீடு என்றால் எதிர்வீடுதான். மலர்க்கொடிக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. அவள் மகள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்று போன தை மாதம் ஊரெல்லாம் கிளப்பிவிட்டவள் பிரேமலதா. பாவம், அந்தப் பெண் வளைகாப்புக்கு வந்திருந்தாள். ஆனாலும் சாமான் தூக்கிக்கொண்டு மாடி இறங்க தர்மராஜுக்குப் பொறுமையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பை பிரேமலதா வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தது.

மத்தியானம் வரைக்கும் அவள் அதைத் தொடவில்லை. அதுவே பெரிய விஷயம். சாப்பிட்டு எழுந்ததும், பைக்குள் மலர்க்கொடி ஏதாவது இனிப்பு வைத்திருந்தால் எறும்பு வந்துவிடுமே என்ற கவலை வந்துவிட்டது. ஜிப்பைத் திறந்தாள். கம்பளிக் குல்லா, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, இஞ்சி மிட்டாய். ஒரு காலுறைச் சுருட்டலுக்குள் ஏதோ மொரமொரத்தது. உருவினாள்.

நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் வைக்கிற குட்டி மாத்திரைகள். அட்டையில் பாதி காலி.

பிரேமலதா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் கணவர் சட்டைப்பையில் வருஷக்கணக்காக இருந்தது இதே அட்டைதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அந்தச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டேதான் அவர் சரிந்தார்.

ஷூ கடித்ததாம். நல்ல ஷூ.

சாயங்காலம் மாடிப்படியில் தர்மராஜை மடக்கினாள்.

"அண்ணே, மலைக்கோட்டையில ஒக்காந்தீங்களே, அது ஷூ இல்லதானே?"

"பையத் தொறந்தியாம்மா?"

"தொறந்தேன். மாத்திரை குடுத்த டாக்டருக்கு மலை விஷயம் தெரியுமா?"

"தெரிஞ்சா மலையேற சர்டிபிகேட் தருவாரா? அத வேற டாக்டர்கிட்ட வாங்கினேன்."

"மலருக்கு மாத்திரை விஷயம்?"

"அவளுக்குத் தெரிஞ்சா என்னை அம்மா மண்டபத்துக்குக்கூட தனியா விடமாட்டா. பாரும்மா, இந்த வருஷம் விட்டா எனக்கு அந்த ஏரி இல்ல. அது எனக்கே தெரியுது. போயி ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"வரலைன்னா?"

அவர் இரண்டு படி இறங்கித் திரும்பினார். "நீ போயி சொல்லு. வளைகாப்பு விஷயத்தச் சொன்னவதானேன்னு கேப்பா. நீ சொன்னா யாரு நம்புவா?"

பிரேமலதா படியேறி வீட்டுக்கு வந்தாள். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் சொன்ன வாய்க்கு, சொல்ல வேண்டிய ஒன்று வந்தபோது ஆள் நம்ப மாட்டார்களாம். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் சுட்டது.

திங்கட்கிழமை மாலை எதிர்வீட்டு ஹால் நிறைந்திருந்தது. மலர்க்கொடி முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சரத்குமார் கடைசியாக ஒருமுறை வரைபடத்தில் விரலை ஓட்டினான். திறந்திருந்த கதவு வழியாக, முதுகில் பையை மாட்டிக்கொண்டு பிரேமலதா உள்ளே வந்தாள். நேராகப் போய் சாமி படத்துக்குக் கீழே அதைத் தொப்பென்று இறக்கினாள்.

"எறும்பு மொய்க்குது. இனிமே எங்க வீட்ல வெக்க முடியாது."

முறுக்கு டப்பா கவிழ்ந்தது. "ஐயையோ! என்னக்கா காரியம் பண்ணீங்க! வெச்ச பை திரும்பலாமா?"

"ஆன்ட்டி, விடுங்க, இன்னொரு நல்ல நேரம் பாத்துத் திரும்ப வெச்சுக்கலாம்" என்றான் சரத்குமார்.

"வாய மூடுப்பா! இவரு போகக் கூடாது. அவ்வளவுதான்."

தர்மராஜ் வாயைத் திறந்தார். இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று மனைவி கேட்பாளே! திறந்த வாயை மூடிக்கொண்டார். அவர் பார்த்த பார்வையில் பிரேமலதா கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர் இல்லாமலேயே ரயில் போயிற்று. பை பிரிக்காமலே அலமாரிக்குள் போயிற்று.

அப்புறம் கட்டடம் முழுக்க ஒரே பேச்சு. தனக்கு இல்லாத வாழ்வு அடுத்தவளுக்கு எதற்கு என்ற வயிற்றெரிச்சலாம் பிரேமலதாவுக்கு. லிப்ட்டில் அவள் ஏறினால் மற்றவர்கள் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் கட்டடத்து வாட்ஸ்அப்பில் சரத்குமாரின் படம் வந்தது: பச்சைத் தண்ணீர், சுற்றிலும் வெள்ளை மலை. எல்லாரும் கைகூப்பினார்கள். தர்மராஜ் மட்டும் ஒன்றும் போடவில்லை.

பிரேமலதா பொறுத்துக்கொண்டாள். மனுஷன் உயிரோடு காலையில் பேப்பர் எடுக்க வருகிறாரே, அது போதும் என்று.

ஐப்பசியில் ஒரு காலை, கதவுக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். முதுகில் அந்தப் பழைய அரிசிப் பை. லிப்ட் இருந்தும் படி இறங்கினார். திருப்பத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை நெஞ்சைத் தேய்த்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். சரத்குமாரின் குரல் படிக்கட்டெல்லாம் கேட்டது.

"வைகாசியில அடுத்த குரூப் சார். இந்தத் தடவை வியாழக்கிழமையா பாத்துப் போட்டுடறேன். ஆன்ட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வியாழன் தெற்கேதான் சூலம். வடக்கே போக ஒரு தடையும் இல்லை. எந்தப் பையையும் யார் வீட்டிலும் வைக்க வேண்டியதில்லை.

அவர் காலடிச் சத்தம் கீழே தேயும்வரை பிரேமலதா நின்றாள். பிறகு எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

மலர்க்கொடி கதவைப் பாதிதான் திறந்தாள். கையில் தோசைக் கரண்டி. "என்ன?"

"மலரு, அன்னைக்கு நான் உங்க பையத் தொறந்து பாத்தேன்."

"தெரியும்க்கா. நீங்க தொறக்காம இருந்திருந்தாத்தான் அதிசயம்." கதவு மூடத் தொடங்கியது.

பிரேமலதா இடுக்கில் கையை வைத்தாள். "நான் சொன்னா நம்ப வேணாம். அந்தப் பையில காலுறைச் சுருட்டலுக்குள்ள என்ன இருக்குன்னு நீயே போயி பாரு. நான் இங்கயே நிக்கிறேன்."

உள்ளே அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜிப் இழுபட்டது. பிறகு மாத்திரை அட்டை மொரமொரத்தது. அடுப்பில் தோசை கருகும் வாசனை மட்டும் வாசல்வரை வந்தது.