மூடியில் ஒட்டிய எண்

ஆக்சிஜன் சோதனையின் முடிவு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. விண்கல் ஆய்வாளர் அதை நின்றபடியே படிக்கத் தொடங்கி, பாதியில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பதினேழாம் எண் கல் நிலாவிலிருந்து வந்ததல்ல, ஏதோ ஒரு சிறுகோளின் துண்டு என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். பொட்டல் வெளியில் டயர் பஞ்சராகி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கத் தேடியபோது கையில் அகப்பட்ட கல். ஒரு பக்கம் தீய்ந்ததுபோல் கறுத்திருக்கவே, முட்டுக்கொடுக்க மனம் வராமல் இருக்கைக்கு அடியில் போட்டுக்கொண்டாராம். ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்தபோது சாம்பல் நிறத்துக்குள் வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள். ஆய்வாளருக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லில் இருக்கும் பைராக்சீன் என்ற கனிமத்தில் இரும்பையும் மாங்கனீசையும் அளந்தார். மாங்கனீசைப்போல் அறுபத்தைந்து மடங்கு இரும்பு. சிறுகோள் கல்லென்றால் இதில் பாதிதான் இருக்கும். இது நிலாவின் கணக்கு.

ஆக்சிஜன் சோதனையும் வந்தபிறகுதான் வாய் திறந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் அணுக்களில் எடையால் வேறுபட்ட மூன்று வகை உண்டு. அவை கலந்திருக்கும் விதம் ஒவ்வொரு கோளுக்கும் வேறு, பூமிக்கும் நிலாவுக்கும் மட்டும் ஏறக்குறைய ஒன்று. அந்தக் கருவி இங்கே இல்லாததால் கல்லைப் பொடித்து வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார். இடையில் ஓட்டுநர் வந்து கேட்டபோது வாய் நிற்கவில்லை. “நிலாக் கல்லுதான், சந்தேகமே இல்ல” என்று சொல்லிவிட்டார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நிலாவுக்கும் அது பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

இன்று மூன்று மணிக்கு ஓட்டுநர் தன் மனைவியோடு கல்லைப் பார்க்க வருகிறார்.

ஆய்வாளர் மாடிக்கு ஓடினார். அங்கே எலக்ட்ரான் கற்றையால் கனிமங்களை அளக்கும் கருவியை இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மெஷின் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அண்ணே, மாங்கனீசு அளவு தப்பாப் போயிருக்குமா?”

“என் மெஷினையா சொல்றே?” என்றவர், ஆய்வாளரின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். “சரி, உக்காரு. மறுபடி போட்டுப் பாத்துருவோம்.”

அளவு தெரிந்த மாங்கனீசுத் துண்டை வைத்துக் கருவியைச் சரிபார்த்தார். பிறகு பதினேழாம் கல்லின் சீவலை உள்ளே வைத்து, பதினான்கு இடங்களில் அளந்தார். இரண்டு மணி நேரம் ஆனது. அறுபத்து நான்கு, அறுபத்தாறு, அறுபத்து மூன்று என்றே எண்கள் வந்துகொண்டிருந்தன.

“இந்தக் கல்லு நிலாதாம்மா. நீ அனுப்பினது இந்தக் கல்லுதானா?”

ஆய்வாளர் பொடியை அனுப்பிய நாளை நினைத்துப் பார்த்தார். அன்று இரண்டு பொடிகளை அனுப்பியிருந்தார். இன்னொன்று நாற்பத்திரண்டாம் எண். அலமாரியில் பல காலமாக இருக்கும் சிறுகோள் கல். ஒப்பிட்டுப் பார்க்க உதவுமே என்று கூடவே வைத்தது. இரண்டு சின்னக் குப்பிகள். எண் ஒட்டியிருந்தது குப்பியில் இல்லை, மூடியில். குப்பிகளின் வாயில் ஒட்டிய பொடியைத் துடைப்பதற்காக இரண்டு மூடிகளையும் ஒன்றாகக் கழற்றியது நினைவுக்கு வந்தது.

கீழே ஓடி அறிக்கையை எடுத்தார். இரண்டாம் பக்கத்தை அவர் புரட்டவே இல்லை. நாற்பத்திரண்டின் முடிவு தெரிந்ததுதானே என்ற அலட்சியம். இப்போது புரட்டினார். பூமியும் நிலாவும் இருக்கும் கோட்டிலேயே நாற்பத்திரண்டு உட்கார்ந்திருந்தது. குப்பிகள் வந்துசேர்ந்தபோது எடுத்த எடையும் கீழே இருந்தது. தன் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். பதினேழின் எடை நாற்பத்திரண்டுக்கும், நாற்பத்திரண்டின் எடை பதினேழுக்கும் துல்லியமாக மாறியிருந்தன.

“அப்பாடா!” என்று வாய்விட்டுச் சொன்னார். அடுத்த நொடியே வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த ஆய்வகத்தின் தலைவியைத் தொலைபேசியில் அழைத்தார். கறாரான பெண்மணி என்று பெயர். “மேடம், தப்பு என்னோடது. மூடி மாறிடுச்சு” என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னார்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். “நாப்பத்திரண்டு ஏன் நிலா மாதிரி வருதுன்னு நாங்க ரெண்டு நாளா மண்டைய உடைச்சிக்கிட்டிருந்தோம். நல்லவேளை, சொன்னீங்க. புதுப் பொடி அனுப்புங்க. நம்பரக் குப்பியில ஒட்டுங்க, என்ன?”

மூன்று மணிக்கு ஓட்டுநரும் மனைவியும் வந்தார்கள். ஆய்வாளர் அவர்களை உட்காரவைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். “நிலாக் கல்லுதான்னு நான் நம்புறேன். ஆனா புது முடிவு வர்ற வரைக்கும் உறுதின்னு சொல்லக்கூடாது. முன்னாடியே சொன்னது என் தப்பு.”

ஓட்டுநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன் மேடம். ஒருதரம் மருந்துக் கடைச் சரக்கப் பெயிண்டுக் கடையிலயும், பெயிண்ட மருந்துக் கடையிலயும் இறக்கிட்டு வந்தவன் நான். மூடி மாறுனதெல்லாம் ஒரு தப்பா?”

“இவரு தெருப் பூரா சொல்லிட்டாரு” என்றார் மனைவி. “என் தம்பி வேற, இது கொல்லன் உலையில கொட்டுன கசடுன்னு கேலி பண்றான்.”

“அது இல்ல. அத மட்டும் இன்னிக்கே உறுதியாச் சொல்லலாம்” என்றார் ஆய்வாளர். மூவரும் சிரித்தார்கள்.

நுண்ணோக்கியில் குனிந்த மனைவி வெகுநேரம் நிமிரவில்லை. நிலாக் கல்லாக இருந்தால் வெள்ளைச் சில்லுகள் நிலாவின் மேட்டு நிலத்துப் பாறை என்றும், பெரிய மோதல் ஒன்றில் தெறித்துக் கிளம்பியிருக்கும் என்றும் ஆய்வாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இது நமக்குத் தெரியுற பக்கத்துக் கல்லா, பின்பக்கத்துக் கல்லா?”

நல்ல கேள்வி. “தெரியலைங்க. இத வெச்சு அவ்வளவு சொல்ல முடியாது.”

“பரவால்ல” என்றார் அவர், கண்ணை எடுக்காமலே.

பன்னிரண்டாம் நாள் புது முடிவு வந்தது. ஆய்வாளர் இந்த முறை எல்லாப் பக்கங்களையும் படித்தார், இரண்டு தடவை. பதினேழு நிலாவின் கோட்டில் இருந்தது. நாற்பத்திரண்டு தன் பழைய கூட்டத்தோடு. மாடியில் சொன்னபோது மெஷின் அண்ணன், “வயித்துல பால வார்த்தேம்மா” என்று கருவியின் தலையைத் தட்டிக்கொடுத்தார். பதிவேட்டில் வகை என்ற கட்டத்தில் ‘நிலா விண்கல்’ என்று நிரப்பிவிட்டு, ஆய்வாளர் ஓட்டுநரை அழைத்தார்.

எடுத்தது மனைவி. “அவரு வண்டி ஓட்டுறாரு மேடம். நானும் கூடதான் போறேன். எங்கிட்ட சொல்லுங்க.”

சொன்னார். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவர் கணவரிடம், “நிலாவேதானாம்!” என்று கத்துவது கேட்டது. அடுத்து லாரியின் ஹாரன், நீளமாக, நிற்காமல்.