ஒரு விரல் இடைவெளி

அடித்துக்கொண்டே இருந்த கணவனை விட்டு வந்ததற்காக அக்காவைச் சபையிலிருந்து நீக்கினார்கள். நீக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது என்பது விதி. அதைச் சபையில் வாசித்த மூப்பர் எங்கள் அப்பா.

மகளைத் தெருவில் விட அவருக்கு மனம் வரவில்லை. தச்சரை அழைத்துச் சாப்பாட்டு மேசையை இரண்டாக அறுக்கச் சொன்னார். நடுவில் ஒரு விரல் இடைவெளி, மேலே ஒரே விரிப்பு.

"இவ்வளவு சின்னச் சந்து கடவுள் கண்ணுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டார் தச்சர். அப்பா கூலியை எண்ணிக் கொடுத்தார்.

ஞாயிறு மதியம் பெரிய மூப்பர் சாப்பிட வந்தார். நானும் அக்காவும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அளவுகோல். இரவு வேலை முடிந்து வந்த நான் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா தினமும் சொல்லும் ஜெபத்தைச் சொன்னார்: "இந்த மேசைக்கு வருகிறவர் யாரானாலும், அவர் உம்முடைய விருந்தாளி."

கண் திறந்தால், அளவுகோல் விரிப்பைத் தூக்கிச் சந்துக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தார்.

"இது பத்தாது மூப்பரே. ஒரு சாணாவது வேணும்."

அக்கா தட்டோடு எழுந்தாள்.

"உட்காருக்கா" என்றேன். "அப்பா, இப்ப ஜெபம் பண்ணீங்களே, எந்த மேசைக்கு? இங்க ரெண்டு இருக்கே."

"வாயை மூடுடா" என்றார் அப்பா.

"வேதப் படிப்பைப் பாதியில விட்டவன் நான். அங்க கத்துக்கிட்டதெல்லாம் மறந்துபோச்சு. இந்த ஒரு வரிதான் மிச்சம். இதையும் பொய்யாக்காதீங்க."

என் பக்கம் இருந்த பாதி மேசையைப் பிடித்தேன். "விரலை எடுங்கய்யா, நசுங்கிடும்."

எடுத்தார். தள்ளினேன். மரம் மரத்தில் மோதியது.

"உன்னையும் நீக்குவோம். உங்கப்பா பதவியும் போகும்."

"என்னைத் தாராளமா நீக்குங்க. அவர் பதவியை அவர்கிட்ட கேளுங்க."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் மேசையைப் பிரிக்கவில்லை. விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, ஜெபத்தை மறுபடி தொடங்கினார். 'யாரானாலும்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

மீதியை அக்கா உரக்கச் சொன்னாள். நீக்கப்பட்டவர் ஜெபம் சொல்லக் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது. சொல்லி முடித்து, கரண்டியை எடுத்து, அளவுகோலின் தட்டில் முதலில் சோறு போட்டாள்.

"சாப்பிடுங்க. நீங்களும் விருந்தாளிதான்."

அவர் சாப்பிடுவாரா என்று பார்க்க நான் காத்திருக்கவில்லை. எனக்குப் பசி.