கண் திறக்காத தலை

"கண்ணு தொறக்காத தலைய வூட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிக்கினு..."

"உன் அண்ணன் தலடி அது, அண்ணன்னு..."

"...வாயும் வயிறுமா ஒரு பொண்ணு இருக்கிற வூடுன்னு தோணல உனக்கு?"

"...காலையிலேர்ந்து சொல்றேன், காதுல வாங்குனியா நீ? நம்ம பொண்ணு ஷோபனாவுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி இல்லன்னு அழுதியே. தலையாவது வந்துச்சேன்னு இரு."

ஜெயக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆட்டோக்காரப் புருஷன் ஆனந்தராஜுக்கு எல்லாமே சவாரிதான். காலையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இவர்கள் வீட்டை விசாரித்தாளாம். பெட்டியும் கையுமாக ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அவளும் பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அந்தப் பெண்ணின் அத்தை ஹன்னா, ஹாலந்தில் பேர்பெற்ற சிற்பி. போன வருஷம் செத்துப்போகுமுன், செஞ்சிப் பையனின் தலையை அவன் வீட்டிலேயே சேர்த்துவிடச் சொன்னாளாம். சின்ன வயசில், சண்டைக்காலப் பஞ்சத்தில் தம்பியைப் பறிகொடுத்தவள் ஹன்னா. அவன் முகம் ஒரு போட்டோவில்கூட இல்லை. அந்த ஏக்கத்தில்தான் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகள் முகத்தை அச்செடுத்து வெண்கலத்தில் வார்த்தாள். அச்சுக்குள் யாரும் கண் திறக்க முடியாது. மூடிய கண்ணைப் பின்னால் செதுக்கித் திறக்க அவளுக்கு மனசு வரவில்லையாம்.

போட்டோ இல்லாதவன்தான் ஜெயக்கொடியின் அண்ணன் வெற்றிவேலும். ஆனாலும் ஜெயக்கொடி பெட்டியைத் திறக்கவில்லை.

அந்த அச்சு அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஏழு வயசிருக்கும்போது, ராஜகிரி அடிவாரத்தில் குடியிருந்த ஹன்னா முதலில் படுக்கவைத்தது இவளைத்தான். மூக்கில் இரண்டு குழாய், முகமெல்லாம் மாவுக்கட்டு. இருட்டு. மாவு இறுக இறுகச் சூடு ஏறியது. பக்கத்திலிருந்த அண்ணன், "மூச்சு உடு ஜெயா. பயப்படாத, நான் கையப் புடிச்சிக்கினு இருக்கேன்" என்றான். அப்படியும் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினாள். அவள் இடத்தில் அவன் படுத்தான்.

அடுத்த மாசமே சக்கரக்குளத்திலிருந்து அவனைப் பிணமாகத் தூக்கிவந்தார்கள். வெள்ளைக்காரி அவன் மூச்சை அச்சுக்குள் பிடித்துக்கொண்டு போய்விட்டாள் என்று அம்மா சாகும்வரை சொன்னாள். ஜெயக்கொடி ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

உள்ளறையில் பலகை விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். நிறைமாச வயிற்றோடு சுவரில் சாய்ந்திருந்தாள் ஷோபனா. பெட்டி திறந்து கிடந்தது. வெற்றிவேலின் தலை அவள் மடியில், கன்னம் வயிற்றில் படும்படி இருந்தது. சிரிப்பதற்குச் சற்று முந்திய உதடு.

"யாரக் கேட்டுடி தொட்ட?"

"மாமாவக் கும்பிட்டுக்கலாம்னுதாம்மா. காலையிலேர்ந்து புள்ள அசையவே இல்ல. நீங்க சண்ட போட்டுக்கினு இருந்தீங்க, சொல்ல பயமா இருந்துச்சி."

ஆனந்தராஜ் ஆட்டோவைக் கிளப்ப வெளியே ஓடினான். ஆட்டோ இரண்டு முறை இருமி அணைந்தது. தலையைப் பிடுங்கப் போனாள் ஜெயக்கொடி, மகள் விடவில்லை. வெண்கலம் மகள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது, அன்றைய மாவைப்போல. ஜெயக்கொடி கையைச் சட்டென்று எடுத்து மகள் வயிற்றில் வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். கைக்கடியில் ஒன்றும் புரளவில்லை. குனிந்து வயிற்றோடு வாயை வைத்துச் சொன்னாள்:

"மூச்சு உடு கண்ணு. பயப்படாத, ஆயா கையப் புடிச்சிக்கினு இருக்கேன்."