வேறு கை

அப்பாவின் பெருவிரலை ஈரத்துணியால் துடைத்து, மூன்றாம் முறையாகப் போனில் வைத்து அழுத்தினான் மகன். போன் திறக்கவில்லை.

“விடுடா. உயிரோட இருக்கறப்பவே அந்த விரல்ல ரேகை கிடையாது. முப்பது வருஷ சிமென்ட்டு தின்னுடுச்சு,” என்றாள் அத்தை, இறந்தவரின் தங்கை. “அதனாலதானே கடைக்காரன் புதுப் பூட்டு போட்டுக் குடுத்தான்.”

அந்தப் பூட்டு ரேகை பார்க்காது. சொந்தக்காரன் போனை எப்படிப் பிடிக்கிறான், எந்தச் சாய்வில் தள்ளுகிறான், எவ்வளவு அழுத்துகிறான் என்று பழகி வைத்துக்கொள்ளும். வேறு கை பட்டால் இறுகிவிடும். கொத்தனாராக இருந்த அப்பாவுக்கு அதில் பெருமை தாங்காது. “பொண்டாட்டி ஏமாந்தாலும் இது ஏமாறாது” என்று சாரத்தில் நின்றபடி சிரிப்பார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு உடலை எடுக்க வண்டி வந்துவிடும். தூரத்து ஊரில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு இன்னும் சேதி போகவில்லை. அடிக்கடி நம்பர் மாற்றுகிற மனுஷர். புது நம்பர் அந்தப் போனுக்குள்தான் கிடந்தது.

“தம்பி முகத்தைக் காட்டாம எடுத்துட்டா, பெரியண்ணன் நம்மள வாழ்நாளைக்கும் மன்னிக்காது,” என்று அத்தை அழுதாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தன் கைகளைப் பார்த்தாள். கலவை சுமந்து சுமந்து அவையும் வழவழத்துப் போனவைதான். ஒன்றரை வருஷமாக, அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் போனைத் திறந்திருக்கிறாள். இடது பெருவிரலால், சுவரில் பூச்சுக் கரணையை இழுப்பதுபோல் குறுக்காக ஒரு தள்ளு. பார்த்துப் பார்த்துப் படித்தது. உள்ளே ஒரு பொம்பளையைத் தேடினாள். கிடைத்ததெல்லாம் அவர் பூசி முடித்த சுவர்களின் படங்கள். அப்படியும் விட்டாளா?

“குடு இங்க.”

“உனக்கு எப்படிம்மா திறக்கும்?”

திறந்துகொண்டது.

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. “அண்ணி, எங்கண்ணன் தள்ளுற மாதிரியே தள்ளுறீங்களே!”

மகன் தரையைப் பார்த்தான். அவள் நம்பரைத் தேடி வாசித்தாள். அவன் தன் போனில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அத்தையும் பின்னாலேயே எழுந்து போனாள்.

அப்போது திரையில், பூட்டு சந்தேகப்பட்டுக் கேட்டவற்றின் பட்டியல் விரிந்தது; அவசரமாய்ப் பார்த்து மூடிய நாட்களில் அவள் கண்ணில் படாதது. நாற்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவள். ஒவ்வொன்றாய்க் கூட்டிக் கூட்டித்தான் வாசித்தாள்.

‘காலை 5.40. கை வேறுபோல் தெரிந்தது. திறந்தது நீங்கள்தானா?’

அதன் கீழே அவர் அழுத்திய பதில்: ‘ஆமாம்.’

அதற்கு முந்தின நாள், 5.45. ‘ஆமாம்.’ அதற்கும் முந்தின நாளும். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள்கூட அவர் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கவில்லை. ஒரு நாள்கூட அவளிடம் கேட்கவும் இல்லை.

பட்டியலின் தலையில் புதிதாக ஒரு வரி வந்து நின்றது.

‘பகல் 1.20. கை வேறுபோல் தெரிந்தது. திறந்தது நீங்கள்தானா?’

வாசலில் மகன் சொல்லிக்கொண்டிருந்தான். “பெரியப்பா, நான்தான்... அப்பா போயிட்டாரு.”

அவள் ‘இல்லை’ என்பதைத் தொட்டாள். போன் பூட்டிக்கொண்டது. அதை அவருடைய இடதுகைப் பக்கம் வைத்துவிட்டு, தன் கையை உடுத்தியிருந்த துணியில் துடைத்தாள்.