கரைவலை விளையாட்டு

மீசை வைத்த றவூப் சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் குந்திக்கொண்டு அழுதான். "சேர், என்னை ஒருத்தரும் விளையாட்டுக்குச் சேக்கிறாங்க இல்ல" என்று மூக்கை வேறு உறிஞ்சினான். பின்னேர அசர் தொழுதுவிட்டுப் போனவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் முன்னால் முட்டுக்குத்தி, கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி அவன் கையில் வைத்தேன். "இத நீ வெச்சிரு மனே. நீ ஊதினாத்தான் தொடங்குவம்." அவன் கண்ணைத் துடைத்தான். "ஓம் மச்சான், இது வேல செய்யும்" என்றான்.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்கு அது கடைசி மாதம். ஐம்பத்தைந்தாம் ஆண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு தேகாப்பியாசப் பாடத்தைப் பரீட்சகர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். குறிப்பைப் பார்த்துப் படிப்பிக்கக் கூடாது என்பது கட்டளை. அதனால் பாடத்தைப் பழக நாங்கள் ஒருவருக்கொருவர் பிள்ளைகளானோம். கலியாண வயதில் தவளையாகப் பாய்ந்தோம், கொக்காக நின்றோம்.

மற்றவர்களெல்லாம் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து பந்து விளையாட்டு எடுத்தார்கள். பந்து ஒன்று, பிள்ளைகள் ஒரு வகுப்பு. ஒருத்தன் எறிய மற்றவர்கள் வாய் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் என் வாப்பா கரையில் நின்று இழுக்கிற கரைவலையை எடுத்தேன். இரண்டு பிள்ளைகள் கைகோத்தால் வலை, மற்றவர்கள் மீன். பிடிபட்ட மீன் வெளியே போகாது, அதுவும் கைகோத்து வலையாகும். ஓட மாட்டாத பிள்ளைக்கும் இதில் இடம் இருக்கிறது. இதை யோசித்துப் பிடிக்க எனக்கு எத்தனையோ நாள் நித்திரை கெட்டது. றவூபின் பாடம் பந்தெறிதல். இரண்டு தரம் பழகிவிட்டு அலுத்துப்போய், எனக்குப் பிள்ளையாக இருப்பதிலேயே அவனுக்குப் பிரியம் என்றான். நானும் நம்பினேன், மடையன்.

நம்பாமல் என்ன செய்வது? காக்கா, காக்கா என்று என்னைச் சுற்றிவருகிற தங்கை ஹப்ஸாவுக்கு அவனைப் பேசி, நாளும் வைத்தாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வர இருந்தவன்.

பரீட்சை அன்று எங்கள் இருவருக்கும் ஒரே வகுப்பைத் தந்தார்கள். முதலில் அவன் முறை. நான் வேப்பமரத்தடியில் நின்றேன். அவன் பந்தைத் தொடவே இல்லை. "பிள்ளைகள், உங்கட வாப்பாமார் வல இழுக்கிறதப் பாத்திரிக்கிறீங்களா?" என்று தொடங்கினான். அது என் வசனம். அவனுடைய வாப்பா சாமான் கடைக்காரர். இவன் வலைக்கயிற்றைக் கையால் தொட்டவனல்ல. ஒரு சின்னப் பெண் ஒதுங்கி நின்று அழுதாள். றவூப் முட்டுக்குத்தி, விசிலைக் கழற்றி அவள் கையில் வைத்தான். பரீட்சகர் தலையை ஆட்டி ரசித்தார்.

என் முறை வந்தது. வேறு பாடம் என் தலையில் இல்லை. நான் வாய் திறக்குமுன்னே பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள். "இது இப்ப விளையாடினதுதானே சேர்" என்றான் ஒருவன். அழுத பெண் சிரித்துக்கொண்டு ஓடி வந்து கையை நீட்டினாள். "விசிலத் தாங்க சேர், நான் ஊதுறன்."

பரீட்சகர் கிட்ட வந்தார். "நீரும் இதையா? இது யார்ர யோசனை?"

றவூபைப் பார்த்தேன். அவன் குனிந்து, அவிழாத சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னால் அவன் கள்ளன். கள்ளன் என்று சபையில் சொன்ன வீட்டுக்கு அவன் மாப்பிள்ளையாக வருவானா? ஹப்ஸாவின் நாள் நின்றுபோகும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. களவெடுத்ததைக்கூடப் பொறுக்கலாம். என் வாயை எதைக்கொண்டு கட்டலாம் என்று தெரிந்துகொண்டே செய்தானே, அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவர்ர யோசனைதான் சேர்" என்றேன்.

"அப்ப அடுத்த வருஷம் வாரும். சொந்தமா ஒண்டு யோசிச்சிக்கொண்டு வாரும்."

வெளிவாசலில் றவூப் என் தோளில் கை வைத்தான். "பந்து எனக்குச் சரிவரல்ல மச்சான். நீ கெட்டிக்காரன், உனக்கு இன்னொண்டு வரும்." எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்ற வாய் அது. கையைத் தட்டிவிட்டு நடந்தேன்.

நான் வீடு சேருமுன் அவன் தேறிய செய்தி சேர்ந்திருந்தது. அவனுடைய உம்மா சபியா உம்மா இனிப்புக்குத் தொதல் கிண்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். அவன் பேச்சை எடுத்தாலே உள்ளே ஓடுகிற ஹப்ஸா, அன்று முற்றத்துக்கே வந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

"காக்கா, அவங்க புதுசா ஒரு விளையாட்டுக் கண்டுபிடிச்சாங்களாமே. வல விளையாட்டாம். உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்" என்றேன்.

"எப்பிடி விளையாடுறண்டு ஒருக்காக் காட்டுங்களன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோத்துக்கொள்வதற்காக என் பக்கம் கையை நீட்டினாள்.