மூன்றாவது லீவு

கனகவல்லி மிஸ் அந்தத் தாளை எழுதியதற்குக் காரணம் இருந்தது. தாம்பரத்தில் அவள் பி.டி. டீச்சராக இருந்த பெண்கள் பள்ளியின் கோ-கோ அணி, 2004-ல் மாவட்டப் போட்டிக்குப் போய் ஆடாமலே தோற்றுத் திரும்பியது. களத்தில் ஒன்பது பேர் நிற்க வேண்டும். பன்னிரண்டு பேர் அணியில் வந்தவர்கள் ஏழு பேர். ஒருத்திக்கு டியூஷன், ஒருத்தி ஊருக்குப் போய்விட்டாள், மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று யாருக்குமே தெரியவில்லை. எதிரணிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அவளால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஜூனில் ஒரு பக்கத்துக்கு விதிகளை டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, எல்லோருக்கும் கொடுத்தாள். காலை ஆறேகாலுக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். இரண்டு பாடங்களில் ஃபெயில் ஆனால் அணியில் இடமில்லை. என்ன காரணமானாலும் சரி, பருவத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு வராவிட்டால் பேர் அடிக்கப்படும். கீழே பெற்றோர் கையெழுத்து.

முதலில் மாட்டியது சம்பத்தின் மகள். பள்ளியைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் சம்பத்தின் குடும்பத்துடையது. மனிதர் நேரே மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னா மிஸ், சொந்தக்காரங்க கல்யாணம். மூணு நாள் போய்க்கினு வந்ததுக்கா பேர எடுத்துட்டீங்க?"

"கையெழுத்துப் போட்டது நீங்கதானே சார்?"

அவர் தலைமையாசிரியையிடம் போனார். அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் ஆறு மணிக்கே மீதிப் பதினோரு பேரும் மைதானத்தில் நின்றார்கள். கனகவல்லிக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இனி இந்தப் பிள்ளைகள் தன் சொல்லை நம்புவார்கள் என்று நினைத்தாள். நம்பவும் செய்தார்கள்.

அந்த அணியின் உயிர் ஷாயிஸ்தா. அனகாபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ப்ளஸ் ஒன் பெண். துரத்துகிறவள் கை முதுகில் படும் நேரத்தில் இடுப்பை ஒடித்து எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடுவாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நல்ல காலேஜில் சீட் கிடைக்கும் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்ததே கனகவல்லிதான்.

அக்டோபர் கடைசியில் கொட்டிய மழையில் அடையாறு கரை மீறியது. ஒரு வாரம் கழித்துப் பள்ளி திறந்ததும், மைதானம் சேறாக இருந்ததால் பிரார்த்தனைக் கூடத்தில் பயிற்சி ஆரம்பித்தாள் கனகவல்லி. ஷாயிஸ்தா மூன்றாம் நாள்தான் வந்தாள். காலெல்லாம் சேற்றுப்புண்.

"தண்ணி வூட்டுக்குள்ள வந்துடுச்சு மிஸ். அத்தாவோட ஒர்க் ஷாப்பும் முங்கிடுச்சு. பஸ் வேற இல்ல."

"தெரியும்மா. ஆனா உனக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. ரெண்டு லீவு ஆச்சு. இன்னும் ஒண்ணுதான். பாத்துக்கோ."

ஷாயிஸ்தா தலையாட்டிவிட்டு வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

போட்டி டிசம்பரில். அதற்குப் பதினைந்து நாள் முன்பு, மாடியில் காயப்போட்டிருந்த மெத்தையை இறக்கும்போது ஷாயிஸ்தா படியில் வழுக்கி விழுந்தாள். வலது முட்டி வீங்கியது. மறுநாள் காலை ஆறேகாலுக்கு வழக்கம்போல் வந்துவிட்டாள். ட்ராக் பேண்டுக்குள் பேண்டேஜ் சுற்றியிருந்தது சிநேகிதி சுபத்ராவுக்கு மட்டும்தான் தெரியும். 'ஓட்டம் கொஞ்சம் மந்தமா இருக்கே' என்று ஒருமுறை கனகவல்லிக்குத் தோன்றியது. பரீட்சைக் களைப்பு என்று விட்டுவிட்டாள்.

அரையிறுதியில் ஷாயிஸ்தா இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடிபடாமல் ஓடினாள். கம்பத்தருகே சட்டென்று திரும்பியபோது முட்டி மடங்கியது. அவள் போட்ட அலறலில் துரத்தி வந்த பெண்ணே நின்றுவிட்டாள். நடுவரின் விசில் ஊதிக்கொண்டே இருந்தது.

தசைநார் அறுந்துவிட்டது என்றார் டாக்டர். "இது இன்னைக்கு வந்ததில்ல. முதல்ல லேசான கிழிசல்தான் இருந்திருக்கும். அப்பவே ரெஸ்ட் எடுத்திருந்தா ஆறியிருக்கும். நடக்கலாம், பயப்படாதீங்க. ஓட்டமெல்லாம் இனி கஷ்டம்."

நான்கு நாள் கழித்து கனகவல்லி அனகாபுத்தூர் போனாள். சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளத்தின் கறை இன்னும் இருந்தது. ஷாயிஸ்தாவின் அம்மா ஹஃபீசா நாற்காலி போட்டு, டீ கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துதான் கனகவல்லி வந்திருந்தாள்.

"நான் லீவு போடுன்னுதான் சொன்னேன் மிஸ். இவதான் கேக்கல. போட்டா மூணாவது ஆயிடும்மா, சம்பத் சார் பொண்ணையே எடுத்தாங்க, என்னைய விடுவாங்களான்னா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள் ஷாயிஸ்தா.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா என்னா மிஸ் செஞ்சிருப்பீங்க?"

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பேரை எடுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல கனகவல்லி வாயைத் திறந்தாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று இதே பெண் வந்து நின்ற காலை நினைவுக்கு வந்தது. ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக் குடித்தாள்.

ஷாயிஸ்தா தை மாதம் பள்ளிக்குத் திரும்பினாள். பி.டி. பீரியடில் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். மிஸ்ஸை வராந்தாவில் பார்த்தால் வணக்கம் சொல்வாள், அவ்வளவுதான். ப்ளஸ் டூ முடித்து, தபாலில் பி.காம். சேர்ந்தாள் என்று சுபத்ரா சொல்லித்தான் தெரிந்தது.

ஷாயிஸ்தா திரும்பி வந்த அந்த வருடமே, ஜூனில் விதிகள் மாறிவிட்டன. அடிபட்டாலோ உடம்புக்கு முடியாவிட்டாலோ லீவில் சேராது, மறைப்பதுதான் தப்பு என்று கனகவல்லி எல்லோரையும் நிற்க வைத்து இரண்டு தடவை படித்துக் காட்டினாள். தினமும் ஓட்டத்துக்கு முன்னால் வரிசையில் போய் ஒவ்வொருத்தியாகக் கேட்டாள்.

"எங்கயாவது வலிக்குதா?"

"இல்ல மிஸ்."

"உனக்கு?"

"இல்ல மிஸ்."

ஜூலையில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடது காலை ஊன்றாமல் நிற்பதைக் கவனித்தாள். ஷூவைக் கழற்றச் சொன்னாள். கணுக்கால் புடைத்திருந்தது.

"ஏம்மா சொல்லல?"

"வலிக்கவே இல்ல மிஸ், நெஜமா," என்றாள் அந்தப் பெண். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "என் பேர எடுத்துடாதீங்க மிஸ்."

எடுக்க மாட்டேன் என்றாள் கனகவல்லி. திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பெண் நம்பியதாகத் தெரியவில்லை.